பாய் வீட்டு காபியும் ரெண்டாம் டிகாஷனும்

டிஸ்கி: இது சமையல் குறிப்பு மாதிரி தெரியும், ஆனா சண்டை. கையில ஒரு டம்ளர் காபியோட உக்காந்து படிச்சா நல்லது. அது முதல் டிகாஷனா, ரெண்டாம் டிகாஷனான்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

போன பெருநாள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா மேலப்பாளையம். திருநெல்வேலி மாநகராட்சிக்குள்ளதான் இருக்கு. ஆனா எங்க ஆளுங்க டவுனுக்குப் போனாக்கூட "திருநெல்வேலிக்குப் போய்ட்டு வாரேன்"னுதான் சொல்லுவாங்க. செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தை, வீட்டுக்கு வீடு பீடித் தட்டு, தெருவுக்குத் தெரு டீக்கடை. அவ்வளவுதான் ஊர் அறிமுகம்.

வாப்பா சுபுஹு தொழுதுட்டு வந்ததும் எங்க வீட்ல காபி. உம்மா நாலு டம்ளர் கலந்து வெச்சிருந்தாங்க. நான் பாதித் தூக்கத்துல ஓரமா இருந்த ஒரு டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடிச்சிட்டேன். என்னத்த சொல்ல... காபி குடிச்ச டம்ளரைக் கழுவின தண்ணியில கொஞ்சம் பால் ஊத்தி சீனி போட்டா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

"உம்மா, என்ன இது?"

"ஏல, அது எனக்குள்ளது. ஒனக்கு அந்தா இருக்கு பாரு."

"இதென்ன இப்படி இருக்கு?"

"நேத்து சாயங்காலம் போட்ட சக்கையில தண்ணி ஊத்தி எறக்கினது. தூள் என்ன வெல விக்கி, தெரியுமா? எனக்கு இதான் வாப்பா பழக்கம்."

பழக்கமாம். எத்தனை வருஷமான்னு கேட்டேன். கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து. முப்பது வருஷம் தாண்டியாச்சு. எனக்கு வயசு 28. அந்த 28 வருஷத்துல ஒரு நாள்கூட உம்மா டம்ளர்ல என்ன இருக்குன்னு நான் எட்டிப் பாத்ததில்ல. வழக்கமா இந்த மாதிரி இடத்துல "அவ்வ்வ்வ்"னு போட்டுட்டு அடுத்த மேட்டருக்குத் தாவிடுவேன். இந்தத் தடவை முடியல.

அதனால நேரா விஷயத்துக்கு வாரேன். வீட்ல நல்ல காபி போட நிறைய காசு வேண்டாம். ஆனா "சிக்கனம்"னு சொல்லி நம்ம வீடுகள்ல நடக்கறது சிக்கனமே இல்ல. ஒருத்தர் டம்ளர்லேர்ந்து எடுத்து மத்த மூணு பேர் டம்ளர்ல ஊத்தற வேலை. அந்த ஒருத்தர் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதைச் சொன்னா மூணு திசையிலேர்ந்து ஜல்லி வரும்னு தெரியும். ஒவ்வொண்ணா வாரேன்.

முதல் ஜல்லி: "நல்ல காபி வேணும்னா மெஷின் வாங்கணும் பாஸ்"

என்கூட ஆணி புடுங்கற நண்பர் ஒருத்தர் வீட்ல ஒரு மெஷின் வெச்சிருக்கார். அந்த விலைக்கு ஊர்ல ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிடலாம். மெஷினுக்குத் துணையா ஒரு அரைவை மெஷின், கொக்குக் கழுத்து மாதிரி மூக்கு வெச்ச கெட்டில், கிராமையும் நொடியையும் சேத்துக் காட்டற தராசு. அவர் காபி போடறதைப் பாத்தா ஏதோ ராக்கெட் விடப் போற மாதிரி இருக்கும். காபி நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

ஆனா அந்த மெஷின் என்ன பண்ணுது? சூடான தண்ணியை 9 பார் அழுத்தத்துல தூளுக்குள்ள தள்ளுது. நம்ம எவர்சில்வர் பில்டர் அதே வேலையை ஒரு பைசா கரண்ட் இல்லாம, பூமியோட இழுவிசையை வெச்சுப் பண்ணுது. அது அரை நிமிஷம் எடுத்துக்கும், இது இருபது நிமிஷம் எடுத்துக்கும். அந்த இருபது நிமிஷத்துல நீங்க பல் தேச்சிட்டு வரலாம்.

வறுத்த காபிக்கொட்டையோட எடையில சுமார் 30% தான் தண்ணியில கரையும். மீதி நார், கட்டை, சக்கை. அந்த 30%-ல எல்லாமும் வெளிய வரவும் கூடாது. 1950-கள்ல எம்.ஐ.டி.யில இருந்த எர்னஸ்ட் லாக்ஹார்ட்ங்கற பேராசிரியர் இதை அளந்து ஒரு வரைபடமே போட்டு வெச்சார். 18-லேர்ந்து 22% வரைக்கும் கரைஞ்சு வந்தா ருசி. அதுக்குக் கீழ போனா புளிப்பும் சப்பும், மேல போனா கசப்பும் துவர்ப்பும். இன்னிக்கும் அந்த ராக்கெட் கோஷ்டி இந்தக் கணக்கை வெச்சுத்தான் பேசுது. இந்தக் கணக்கு பில்டருக்கும் பொருந்தும், டீக்கடைத் துணி வடிகட்டிக்கும் பொருந்தும்.

முக்கியமானது என்னன்னா, எந்த மெஷினும் பழைய தூளைப் புதுசாக்காது. ரெண்டு மாசம் அடுப்பு மேடையில நின்ன தூளை அறுபதாயிரம் ரூபா மெஷின்ல போட்டாலும் ரெண்டு மாசத்துக் காபிதான் வரும். கையில ஐநூறு ரூபா கூடுதலா இருந்தா புதுசா வறுத்த கொட்டைக்குக் குடுங்க. மெஷின் காத்திருக்கட்டும்.

ரெண்டாவது ஜல்லி: "பாய் வீட்ல காபியா?"

காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன் கேட்டான். கெட்ட எண்ணத்துல இல்ல, நெஜமாவே ஆச்சரியமா. "உங்க வீட்ல டீதானே போடுவாங்க?" காபின்னா மயிலாப்பூர், கும்பகோணம், பித்தளை டபரா, வெத்தலைப் பெட்டி, நெத்தியில விபூதி. எங்களுக்கு பிரியாணி ஒதுக்கியாச்சு. அதோட திருப்திப்பட்டுக்கணும் போல :-)

இந்த நினைப்பு சும்மா வரல. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னு ஒரு புத்தகம் எழுதியிருக்கார். (2024-ல் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' புத்தகத்துக்காக சாகித்ய அகாதெமி விருது வாங்கினவர். நம்ம ஊர் சரித்திரத்தை எழுதினவர்.) காபி எப்படி தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தோட, அதுலயும் பிராமண வீடுகளோட அடையாளமாச்சு, டீ எப்படி உழைக்கற ஜனங்களோட பானமாச்சுன்னு அதுல படிக்கலாம். காபி குடிக்கற இடத்துலயே "பிராமணாள்"னு பலகை தொங்கின காலம் உண்டு. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால பெரியார் கட்சிக்காரங்க அந்தப் பலகைக்காகத்தான் போராட்டம் நடத்தினாங்க.

ஆக, டம்ளருக்குள்ள நுண்ணரசியல் எப்பவும் இருந்திருக்கு. ஆனா சரித்திரத்தை இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளிப் பாருங்க. காபியை முதல்ல காய்ச்சிக் குடிச்சதா நமக்குத் தெரியற ஆளுங்க, 15-ஆம் நூற்றாண்டு ஏமன் நாட்டு சூஃபிகள். ராத்திரி முழுக்க திக்ரு பண்ணத் தூக்கம் வரக்கூடாதுன்னு குடிச்சாங்க. அவங்க சொன்ன "கஹ்வா"தான் துருக்கி வழியா ஐரோப்பா போய், உருமாறி, நம்ம காபியா திரும்பி வந்துச்சு. 1511-ல் மக்காவுல கைர் பேக்னு ஒரு அதிகாரி இதைத் தடைகூடப் பண்ணிப் பாத்தார். கெய்ரோவுலேர்ந்தே அதைத் தளர்த்தச் சொல்லிட்டாங்க. இந்தியாவுக்குக் கொண்டு வந்தது? 17-ஆம் நூற்றாண்டுல ஹஜ்ஜுக்குப் போன பாபா புதான், ஏமன்லேர்ந்து ஏழு கொட்டையை ஒளிச்சு எடுத்துட்டு வந்து சிக்மகளூர் மலையில நட்டார்ங்கறது வழிவழியா சொல்ற கதை. அந்த மலைக்கு இன்னிக்கும் பாபா புதான்கிரின்னுதான் பேர்.

இதைச் சொல்லி "காபி எங்க சொத்து"ன்னு பட்டா போட வரல. அப்படிச் சொன்னா மயிலாப்பூர் மாமாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாம போயிடும். எத்தியோப்பியாவுல முளைச்சு, ஏமன்ல காய்ச்சி, கர்நாடகாவுல நட்டு, ஏற்காட்டுலயும் சிறுமலையிலயும் நீலகிரியிலயும் வளர்ற ஒரு செடிக்கு யாரும் குலம் கோத்திரம் பாக்க வேண்டாம். நல்ல காபி போடப் பாரம்பரியம் வேண்டாம், பித்தளை டபரா வேண்டாம். தூளும் தண்ணியும் சரியா இருந்தா போதும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

மூணாவது ஜல்லி: "விலைவாசி இருக்கற இருப்புல..."

இதான் அசல் சண்டை. இது வெளியாளுங்க சொல்றதில்ல. நம்ம வீட்டுக்குள்ளேர்ந்து வர்றது.

விலை ஏறினது உண்மைதான். பிரேசில்லயும் வியட்நாம்லயும் வறட்சி வந்ததுல 2024-ல் ரோபஸ்டாவும், 2025 ஆரம்பத்துல அராபிகாவும் உலகச் சந்தையில அதுவரைக்கும் இல்லாத உச்சத்துக்குப் போச்சு. அது சுத்திச் சுத்தி நம்ம தெரு முக்கு அரைவைக் கடை வரைக்கும் வந்துச்சு. சரி, வீடு என்ன பண்ணும்? நாலு வழி இருக்கு. தூளைக் குறைக்கும். சிக்கரியைக் கூட்டும். அரைக் கிலோவா வாங்கினா மலிவுன்னு வாங்கி வெச்சுப் பழசாக்கும். கடைசியா, ஒருத்தரை ரெண்டாம் டிகாஷனுக்கு இறக்கும். எங்க வீட்ல நாலும் நடந்திருக்கு.

ஒரு கணக்கு போடுவோம். தூள் கிலோ 800 ரூபான்னு வெச்சுக்கோங்க. உங்க கடை விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கலாம். ஒரு டம்ளருக்கு 10 கிராம். அப்ப தூளுக்கு 8 ரூபா. பால் 100 மில்லி, லிட்டர் 60 ரூபான்னா 6 ரூபா. சீனி, கேஸ் எல்லாம் சேத்து ஒரு ரூபா. மொத்தம் 15.

இப்ப உம்மாவோட காலைக் காபியை நேத்து சக்கையில இறக்கினதுல வீட்டுக்கு என்ன மிச்சம்? ஒரு நாளைக்கு 8 ரூபா. மாசத்துக்கு 240 ரூபா. என் போனுக்கு நான் போடற ரீசார்ஜ் அதைவிட அதிகம். எங்க வீட்ல யாரும் உக்காந்து "இந்த 240-ஐ எங்கேர்ந்து எடுக்கலாம்"னு பேசவே இல்ல. பேசியிருந்தா வேற இடம் கிடைச்சிருக்கும். பேசாததுனால அது தானா போய் உம்மா டம்ளர்ல உக்காந்துச்சு. காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு, எல்லாருக்கும் கலந்து குடுத்து, மதியம் வரைக்கும் பீடித் தட்டு முன்னால குனிஞ்சு உக்காந்து சுத்தறவங்களுக்கு, வீட்லயே மட்டமான காபி.

"அவங்களே விரும்பித்தானே குடிக்காங்க?"ன்னு மாமா ஒருத்தர் கேட்டார். மாமா, வேற எதையும் ஊத்திக் குடுத்துப் பாக்காம, விரும்பித்தான் குடிக்காங்கன்னு எப்படித் தெரியும்?

"இது ஒரு பெரிய விஷயமா? காபிதானே?" இதுக்கும் பதில் இருக்கு. மலிவுன்னு ஒண்ணு தானா முளைக்காது. எங்கேயோ ஒருத்தர் குறைச்சலா வாங்கியிருக்கணும். எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இது புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டிய பாடம் இல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க கூலி உயர்வு கேட்டாங்க. 1999 ஜூலை 23 அன்னிக்கு அவங்களுக்காகக் கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலம் வந்தவங்களை போலீஸ் அடிச்சு விரட்டினதுல 17 பேர் தாமிரபரணியில செத்துப் போனாங்க. கொக்கிரகுளம் எங்க ஊர்லேர்ந்து கூப்பிடு தூரம். நான் அப்ப கைக்குழந்தை. 2024-ல் அந்தத் தோட்டத்து வேலையே நின்னு, தலைமுறை தலைமுறையா அங்க இருந்தவங்களை மலையை விட்டு இறங்கச் சொல்லியாச்சு. எங்க அடுக்களையும் அந்த மலையும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ஒரு டம்ளரோட விலை குறையறப்ப "யார் கணக்குல?"ன்னு கேட்டுப் பழகணும்னுதான் சொல்றேன். அந்தக் கேள்வியைச் சொந்த அடுக்களையில கேக்காதவன் வெளிய கேக்கறது உதாருதான். நானும் இத்தனை நாள் அந்த உதார்தான் விட்டுட்டு இருந்தேன்.

சரி, எங்கதான் மிச்சம் பிடிக்கிறது?

தாராளமா பிடிக்கலாம். ஆனா டம்ளரைத் தொடாத இடத்துல.

1) நூறு நூறு கிராமா வாங்குங்க. காபிக்கொட்டையை அரைச்ச நிமிஷத்துலேர்ந்து வாசனை பறக்க ஆரம்பிச்சுடும். தூளா இருக்கும்போது காத்து படற பரப்பு பல மடங்கு அதிகம். அரைக் கிலோ பாக்கெட்ல கடைசி கால் கிலோ வெறும் கருப்புத் தூள்தான். அந்தக் கால் கிலோவோட காசு குப்பைக்குப் போகுதுன்னு யாரும் கணக்கு எழுதறதில்ல. கண்ணு முன்னால வறுத்து அரைக்கற கடை இருந்தா அங்க போங்க. அடுப்புப் பக்கத்துல வைக்காம, காத்துப் புகாத சின்ன டப்பாவுல வைங்க.

2) பேருக்குக் காசு குடுக்காதீங்க. பீபெரின்னா ஒரு பழத்துல ரெண்டு கொட்டைக்குப் பதிலா ஒரே உருண்டைக் கொட்டை விளைஞ்சது. பாக்க அழகு. அதுக்காகவே ருசி கூடிடாது. பால் காபிக்கு பிளாண்டேஷன் ஏ-யில கொஞ்சம் ரோபஸ்டா கலந்தா போதும். ரோபஸ்டா விலை குறைவு, காஃபின் கிட்டத்தட்ட இரட்டிப்பு, பாலைத் தாண்டி எட்டிப் பாக்கற தெம்பும் அதுக்கு உண்டு.

3) சிக்கரியைத் திட்டாதீங்க, ஆனா எண்ணுங்க. அது ஒரு செடியோட வேர். வறுத்து அரைச்சது. காஃபின் கிடையாது. நெப்போலியன் காலத்துல ஐரோப்பாவுக்குக் காபி வர்றது தடைப்பட்டப்ப பஞ்சத்துக்குப் பிடிச்ச வழி அது. 15, 20% இருந்தா டிகாஷன் திடமா, நிறமா இறங்கும். ஆனா சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில 51% காபி இருந்தா போதும். அதாவது பாதிக்குப் பாதி வரைக்கும் வேரை நீங்க காசு குடுத்து வாங்கலாம்! எத்தனை சதவீதம்னு பாக்கெட்ல போட்டிருக்கணும், திருப்பிப் பாருங்க. சந்தேகமா இருந்தா கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணியில கொஞ்சம் தூளைத் தூவுங்க. காபி மிதக்கும். சிக்கரி சில நொடியில நிறத்தை விட்டுக்கிட்டே அடியில இறங்கும்.

4) தண்ணி. எங்க ஊர்ல அல்வாவுக்கு மட்டும் தாமிரபரணித் தண்ணியோட பெருமை பேசுவாங்க. காபிக்கு உப்பு போர் தண்ணியை வைப்பாங்க! ஆத்துத் தண்ணி வர்ற குழாயில பிடிச்சு வெச்சு அதுல போடுங்க. இதுக்குக் காசே கிடையாது. தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சு அரை நிமிஷம் விட்டு ஊத்துங்க.

5) டிகாஷனை நேரடியா அடுப்புல வைக்காதீங்க. கொதிச்சா போச்சு. ஆறிப்போனா சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள கிண்ணத்தை வைங்க. பாலும் ஒரு தடவைதான் பொங்கணும். நாலு தடவை பொங்கின பால்ல காபியைவிட ஆடை வாசம்தான் வரும்.

6) பில்டரோட ஓட்டைகள் அடைச்சா புது பில்டர் வாங்க ஓடாதீங்க. மேல் தட்டை அடுப்புத் தணல்ல கொஞ்சம் காட்டி, ஆறினதும் பிரஷ் போட்டுத் தேச்சா போதும்.

இப்ப அந்த ரெண்டாம் டிகாஷன்

பொட்டி தட்டற புத்திக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாம் டிகாஷன்ல ஒண்ணுமே இல்லன்னா நம்ம பெரியவங்க ஏன் அதை எடுத்தாங்க? அவங்க முட்டாள் இல்லையே.

சக்கையில நெஜமாவே சரக்கு இருக்கு. நம்ம பில்டர்ல தூள் அதிகம், தண்ணி கம்மி. 40 கிராம் தூள் போட்டு 160 மில்லி தண்ணி ஊத்தினா கீழ இறங்கறது சுமார் 80 மில்லிதான். மீதி 80 மில்லியைத் தூள் குடிச்சு வெச்சுக்கும். தூள் தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியைப் பிடிச்சுக்கும். அப்படிப் பிடிச்சு வெச்சிருக்கறது வெறும் தண்ணி இல்ல, நல்ல டிகாஷன். அதைத்தான் பெரியவங்க விடாம எடுக்கப் பாத்தாங்க. நோக்கம் சரி. தப்பு எங்கன்னா நேரத்துலயும், பங்கு வைக்கறதுலயும்.

சாயங்காலச் சக்கை ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்து, ஆறி, புளிச்சு, காலையில வெந்நீர் பட்டா என்ன வரும்? வாசனை போன கசப்பு வரும். அதே தண்ணியை, முதல் டிகாஷன் இறங்கி முடிச்ச உடனே, சூடா 80 மில்லி ஊத்திப் பாருங்க. உள்ள இருக்கற நல்ல டிகாஷனை அது கீழ தள்ளும். அதைத் தனியா எடுத்து வைக்காதீங்க. முதல் டிகாஷனோட அதே கிண்ணத்துல கலந்துடுங்க. மொத்தம் சுமார் 160 மில்லி. நாலு பேருக்கு ஆளுக்கு 40 மில்லி, பால் 100 மில்லி. தலை தட்டின மேசைக்கரண்டி ஒண்ணு சுமார் 5 கிராம், அதனால எட்டு கரண்டி. தராசு வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு ரூபா கூடுதல் செலவு கிடையாது.

இதுல முதல் டிகாஷன், ரெண்டாம் டிகாஷன்னு ஒண்ணு இல்லாம போயிடுது. வாப்பாவுக்கு ஒரு காபி, உம்மாவுக்கு ஒரு காபின்னு இல்ல. எல்லாருக்கும் ஒரே காபி.

"முதல் டிகாஷனோட திடம் போயிடுமே?"ன்னு கேப்பீங்க. கொஞ்சம் போகும். மூணு பேருக்குக் கொஞ்சம் குறையும், ஒருத்தருக்கு நிறைய கூடும். இதைத் தாங்க முடியாத அளவுக்கு நாக்கு நுட்பமா இருக்கறவங்க, இன்னும் ஒரு கரண்டி தூளைத் தங்கள் காசுல போட்டுக்கலாம் :-)

லீவுல மிச்சம் இருந்த அஞ்சு நாளும் நானே போட்டேன். முதல் நாள் உம்மா ஒரு மடக்கு குடிச்சிட்டு முகத்தைச் சுளிச்சாங்க. "கசக்கு வாப்பா." முப்பது வருஷம் கழுவின தண்ணி குடிச்ச நாக்கு, வேற எப்படிச் சொல்லும்? பாலைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தேன். மூணாவது நாள் ஒண்ணும் சொல்லல. அஞ்சாவது நாள் டம்ளர்ல அடி வரைக்கும் குடிச்சிருந்தாங்க. "நல்லாருக்கா உம்மா?"ன்னு கேட்டதுக்கு "தூள் சீக்கிரம் தீந்துடும் போலருக்கே"ன்னாங்க. பாராட்டுன்னே எடுத்துக்கிட்டேன்.

வாப்பாவுக்கும் தங்கச்சிக்கும் செய்முறையைச் சொல்லிக் குடுத்துட்டு ரயில் ஏறினேன். போன வாரம் தங்கச்சிக்குப் போன் போட்டு, "ரெண்டு தண்ணியையும் ஒண்ணா கலக்கறீங்களா?"ன்னு கேட்டேன்.

"கலக்கறோம் காக்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்."

"உம்மாவும் அதையா குடிக்காங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம் சொன்னா. காலையில எல்லாரோடயும் அதைக் குடிச்சிட்டு, பதினோரு மணிக்கு அந்தச் சக்கையில மூணாவதா ஒரு தண்ணி ஊத்தி, பீடித் தட்டு பக்கத்துல வெச்சுக் குடிக்காங்களாம். "வீணாப் போவுதே"ன்னு.

ஆக, மேல எழுதின பட்டியல்ல ஏழாவதா ஒண்ணு சேத்துக்கோங்க. ரெண்டாவது தண்ணி இறங்கின உடனே சக்கையைத் தட்டி ஏதாவது செடிக்குப் போட்டுடுங்க. உங்க கையால, அன்னிக்கே. பில்டர்ல விட்டு வெச்சா வீட்ல யாரோ ஒருத்தர் அதுல மறுபடியும் தண்ணி ஊத்துவாங்க.